நீல வளையம் போட்ட மைக்

குத்துவிளக்கு ஏற்றிய நேரத்தில் வாசிகசாலை மண்டபத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். கண்காட்சியை வைத்த சித்திர மாஸ்டர். வாசிகசாலைத் தலைவர். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அண்ணையும் அவருடைய மனைவியும். எங்கள் குழுவில் தகரம் அடித்தவன். என்னுடைய அம்மா, உள்ளுக்கு வரமாட்டேன் என்று வாசற்படியிலேயே நின்றார், என்றாலும் அவரையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். மரத்தடிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர். கொப்பியும் பேனையுமாகச் சுவரோரம் நின்ற, எனக்கு முன்பின் தெரியாத ஒருவர். பிறகு நான். மொத்தம் பதினேழு.

எண்ணுவது எனக்கு ஒரு வியாதி. செல் அடிக்குப் பயந்து பங்கருக்குள் இறங்கும்போது எத்தனை பேர் என்று எண்ணுவேன், ஏறும்போதும் எண்ணுவேன். கடையில் சாமான் வாங்க நின்றாலும் எனக்குப் பின்னால் நிற்பவன் ஏன் நிற்கிறான் என்று யோசிப்பேன். அன்றைக்குப் பதினேழு பேரில் ஒருவரை மட்டும்தான் நான் உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒலிபெருக்கி அண்ணை. அவருடைய மைக் ஒன்று, இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது என்று நான் சொன்ன மைக், அவர் நின்ற இடத்திலிருந்து ஆறு அடி தள்ளி, வெள்ளைத் துணி விரித்த மேசையில் இருந்தது. நானும் அம்மாவும் கொட்டில் போட்டிருந்த நிலம் அவர் மனைவியின் சீதனக் காணி. இதுதான் விசயம்.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. தொண்ணூற்று நாலு, ஐந்தில் கிளிநொச்சிப் பக்கம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பாடித் திரிந்தோம். சனம் எங்களைத் தகரக் கோஷ்டி என்றது. அதில் மரியாதை ஒன்றும் இல்லை. பாடினவன் மேசன் வேலைக்குப் போகிறவன். அவன் பாடுவதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. வேலியைப் பிரித்துக்கொண்டு வந்த மாட்டை ஏசுவது போல இருக்கும். கிற்றார்க்காரன் பலாப் பலகையில் தானே கிற்றார் செய்து, சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்து நரம்பு கட்டியிருந்தான். மூன்றாமவன் தார்ப் பீப்பாவும் அலுமினியச் சட்டியும் அடித்தான். நான் பெட்டி. எங்கள் குடும்பம் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தபோது பானை சட்டி அடுக்கிக்கொண்டு வந்த தேயிலைப் பெட்டி அது. அதைக் கவிழ்த்து, ஒரு மண்வெட்டிப் பிடியையும் தடித்த நைலோன் கயிற்றையும் பூட்டி இழுத்தால், நெஞ்சுக்கூட்டுக்குள் தும் தும் என்று கேட்கும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறு வாத்தியம் யார் சொல்லித் தரப்போகிறார்கள்?

பாடினவனுக்கு ஜெர்மனியில் ஒரு தமையன். அவன் யாரிடமோ கொடுத்தனுப்பி, அது எப்படியோ எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு கசற்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இங்கிலீசுப் பாட்டு. ஒரு சொல் விளங்காது. ஆனால் பாடுகிறவர்கள் யாருக்கோ கோபமாகச் சொல்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. கரண்ட் கிடையாது. பற்றறியை வன்னிக்குள் வர ஆமி விடாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் றெக்கோடருக்குக் கொடுத்துக் கேட்டோம். பெரும்பாலும் சுற்றினது நான். என் கை களைக்கும்போது பாட்டு இழுபட்டு முனகும். மற்ற மூன்று பேரும் ஏச, நான் மூச்சைப் பிடித்துச் சுற்ற, பாட்டு தலைதெறிக்க ஓடும். அந்தப் பாட்டுகள் பிறந்ததே அப்படித்தான் என்று நாங்கள் நம்பினோம். அப்படியே பழகி, அப்படியே எங்கள் பாட்டுகளையும் கட்டினோம். ஓடி, களைத்து, முனகி, திரும்ப ஓடும் பாட்டுகள். சவர்க்காரம் இல்லாத காலத்தில் ஒரு பாட்டு:

"சவர்க்காரம் இல்லை, சவர்க்காரம் இல்லை,
நாறுறம் நாங்கள், நல்லா நாறுறம்,
மணக்கிறவன் எவன், அவனைப் பிடி."

கோயில் திருவிழாவுக்கு எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனால் விளையாட்டுக் கழகங்கள் கூப்பிட்டன. பொடியள் துள்ளினார்கள். எங்கு பாடினாலும் சித்திர மாஸ்டர் சைக்கிளில் வந்து முன்னுக்குக் குந்திவிடுவார். படம் எடுக்கப் பிலிம் இல்லாத காலம். மனிதர் சீமெந்துப் பையின் உள்தாளிலும் கொப்பி ஒற்றையிலும் எங்களைக் கீறிக்கொண்டே இருப்பார். அது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. எங்கள் நாலு பேருடைய முகமும் இந்த ஆளுக்கு எதற்கு?

கடைசியாக நாங்கள் பாடியது தொண்ணூற்றாறில், இரணைமடு வாய்க்காலுக்குப் பக்கத்தில், சூடடிக்கும் களமொன்றில். ஒலிபெருக்கிக் குழாயும் ஆம்பிளிபயரும் எங்களைக் கூப்பிட்ட கழகத்தினுடையவை. அவர்களுடைய மைக் கரகரத்ததால், ஒலிபெருக்கி அண்ணையிடம் ஒரு மைக்கை மட்டும் வாடகைக்கு எடுத்தேன். நிக்கல் பூசிய தலை, கறுத்தப் பிடி. பிடியைச் சுற்றி நீலப் பெயின்ற் வளையம், அதற்குக் கீழே சுரண்டி எழுதிய மூன்று என்ற இலக்கம். அவருடைய சாமான் எல்லாவற்றிலும் அந்த நீல வளையம் இருக்கும். கல்யாண வீட்டுக்கு இரவல் போகும் கிடாரத்தில் பெயர் வெட்டுவது மாதிரி. ஓர் இரவு வாடகை நூற்றைம்பது ரூபா. இருபத்தைந்து முன்பணம் கொடுத்தேன். மிச்சம் காலையில் மைக்கைத் திருப்பித் தரும்போது.

அந்தக் காலை வரவில்லை. விடிய முதலே செல் விழத் தொடங்கிவிட்டது. நான் அம்மாவையும் பானை சட்டியையும் பார்ப்பதா, மைக்கைப் பார்ப்பதா? தகரம் அடித்தவன் மாமாவின் ட்ரக்ரரில் ஏறிக்கொண்டிருந்தான். மைக்கைச் சாரத்தில் சுற்றி அவனிடம் எறிந்தேன். தேயிலைப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டினேன். பெட்டிக்குள் பானை, பானைக்குள் அரிசி. அந்தப் பெட்டி இப்படி வருவது இரண்டாம் தடவை.

மூன்றாம் நாள் காட்டுப் பாதையில், ஒரு பாலை மரத்துக்குக் கீழே ஒலிபெருக்கி அண்ணையைக் கண்டேன். சேட்டு இல்லாமல், ஒரு குழாயை மட்டும் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். கடை, இரண்டு ஆம்பிளிபயர், மிச்சம் எல்லாம் போய்விட்டன.

"டேய், மைக் எங்கை?" என்றார்.

"இல்லை அண்ணை."

"இல்லையெண்டா?"

"போட்டுது அண்ணை."

அந்த நேரம் அது பொய் இல்லை. அந்த ட்ரக்ரர் போன பாதையில் செல் விழுந்ததாகச் சனம் கதைத்தது. தகரம் அடித்தவன் உயிரோடு இருக்கிறானா என்றே எனக்குத் தெரியாது. அண்ணை அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் குழாயைத் தடவினார். பிறகு, "போகட்டும். எங்கை போகப்போறியள்? தண்ணீரூற்றிலை மனிசியின்ர காணி கிடக்கு. ஒரு மூலையிலை கொட்டிலைப் போடுங்கோ" என்றார்.

அவருடைய மனைவிக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் கொட்டிலுக்குக் கப்பு நடும்போதே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்: "மலைநாட்டுச் சனத்தைக் காணிக்கை விட்டா எழுப்பேலாது எண்டு என்ர ஐயா சொல்லுவார்." அம்மா கேட்காத மாதிரிக் கிடுகை வரிந்துகொண்டிருந்தார்.

இருபது நாள் கழித்துத் தகரம் அடித்தவன் வந்தான். சாரத்தில் சுற்றிய மைக்கும் வந்தது. ஒரு கீறல் இல்லை.

அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கத்தான் போனேன். அவர் வீட்டுக் கிணற்றடி வரை போய்விட்டேன். உள்ளே அண்ணை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தப் பெடியன் மைக்கைத் துலைச்சவன்தான். ஆனா ஒளிக்காமல் நேர சொன்னான். அந்தக் குணத்துக்குத்தான் காணியிலை விட்டனான்."

அப்படியே திரும்பி வந்தேன். இப்போது போய் நீட்டினால் என்ன நினைப்பார்? இவ்வளவு நாளும் வைத்திருந்துவிட்டு, விற்க ஆள் கிடைக்காததால் கொண்டுவந்தான் என்று நினைக்கமாட்டாரா? அவர் நினைக்காவிட்டாலும் மனைவி நினைப்பார். ஊர் நினைக்கும். ஏதாவது காணாமல் போனால் முதலில் எங்கள் கொட்டிலைத்தான் பார்க்கும் ஊர். நாளைக்குக் கொடுப்போம் என்றேன். நாளைக்குப் போக நாளை மறுநாள் என்றேன். கொடுக்காத ஒவ்வொரு நாளும் கொடுப்பதை இன்னும் கஷ்டமாக்கியது. நீல வளையம் தெரியாமல் அதன் மேல் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினேன். தேயிலைப் பெட்டியின் அடியில், பழைய சாரத்துக்குள் வைத்தேன். இரண்டு வருடம் அதற்கு மேலே எங்கள் உடுப்பு இருந்தது.

அதற்கிடையில் குழு இல்லாமல் போயிற்று. கிற்றார்க்காரன் இடம்பெயர்ந்த அந்த முதல் மாரியிலேயே மலேரியாவில் போய்விட்டான். பாடினவன் வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து எப்படியோ தமையனிடம் போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது தகரமும் பெட்டியும். இரண்டையும் வைத்து என்ன பாட்டு?

அப்போதுதான் சித்திர மாஸ்டர் வந்து நின்றார். தகரக் கோஷ்டிக்கு ஒரு கண்காட்சி வைக்கப்போகிறாராம்.

"ஏன் சேர்?" என்று கேட்டேன்.

"ஏனெண்டா? நீங்கள் செய்ததை வேறை ஒருத்தரும் செய்யேல்லை. பிள்ளையள் பாக்கட்டும்."

இதை யார் நம்புவார்? கோயில் கூத்துக்கே கண்காட்சி வைக்காத ஊரில், சவர்க்காரம் இல்லை என்று கத்தினவர்களுக்கு எதற்குக் கண்காட்சி? நாலு முகத்தையும் அச்சொட்டாகக் கீறிச் சுவரில் தொங்கவிட்டால், அதை யார் யார் வந்து பார்ப்பார்கள்? ஒருவன் வெளிநாட்டுக்குப் போனது எப்படி என்று கேட்பார்கள். இருக்கிறவன் ஏன் இயக்கத்துக்குப் போகாமல் சும்மா இருக்கிறான் என்று கேட்பார்கள். மாஸ்டரை யாராவது அனுப்பியிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"உம்மடை பெட்டி வேணும்" என்றார்.

"பெட்டி உக்கிப்போச்சு சேர்."

"உக்கினது எண்டாலும் பரவாயில்லை."

"கறையான் அரிச்சுப்போட்டுது சேர்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கொட்டிலுக்குள் பெட்டி நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். இன்னொரு தடவை கேட்காமல் போனது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

கண்காட்சிக்கு முதல் நாள் முள்ளியவளைப் பக்கம் கிணறு வெட்டப் போயிருந்தேன். மாலை திரும்பி வந்து பார்த்தால், பெட்டி இருந்த இடத்தில் எங்கள் உடுப்பு மட்டும் பாயில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"அம்மா, பெட்டி?"

"அந்த சாரு வந்தாருப்பா. பொட்டியக் கேட்டாரு. குடுத்துட்டேன்."

"உள்ளுக்கு இருந்தது?"

"துணிய எடுத்துட்டுத்தான் குடுத்தேன். அடியில என்னமோ பழைய சாரம் சுருட்டிக் கெடந்துச்சு, கனமா. ஒன்னோட பாட்டுச் சாமானாத்தான் இருக்கும்னு அப்படியே விட்டுட்டேன். ஏன், அதுல என்னா?"

அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. உடனே மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். பூட்டிக் கிடந்தது. வாசிகசாலையும் பூட்டு. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை என்பதற்கு மேல் அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

காலையில் வாசிகசாலைக்குப் போனபோது முதலில் கண்டது, புளியமரத்தில் ஏறிக் குழாய் கட்டிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி அண்ணையை. இதை நான் யோசிக்கவே இல்லை. நம்முடைய ஊரில் எந்த விசேஷத்துக்கும் குழாய் கட்டாமல் முடியுமா? படம் பார்க்கிற கண்காட்சிக்கும் மரத்தில் குழாய் வேண்டும், ஊருக்குக் கேட்கப் பாட்டுப் போட வேண்டும். அவர் கொப்பில் இருந்தபடியே, "தம்பி, இண்டைக்கு நீ பெரிய ஆள். படத்திலை நல்லா இருக்கிறாய், நேரிலைதான் சரியில்லை" என்றார். சிரித்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் இப்படிச் சிரிக்கிறாரோ?

உள்ளே போனேன். சுவர் முழுக்க நாங்கள். சீமெந்துப் பைத் தாளில் வாயைப் பிளந்துகொண்டு பாடுகிறவன். தலை குனிந்த கிற்றார்க்காரன். அவனுடைய பலாப்பலகைக் கிற்றாரைத் தகரம் அடித்தவன் கொண்டுவந்து அந்தப் படத்துக்குக் கீழேயே சாய்த்து வைத்திருந்தான். தலைகீழாக நின்ற சைக்கிளும் அதன் பெடலைச் சுற்றும் நானும். படத்தில்கூட நான் பின்னுக்குத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடினவன் அனுப்பிய கடிதத்தை ஒரு மட்டையில் ஒட்டியிருந்தார்கள். "இஞ்சை கரண்டிலை அந்தக் கசற்றைப் போட்டுக் கேட்டனான். முழுக்க ஒரே வேகத்திலை போகுது. நாங்கள் பிழையாப் பழகியிருக்கிறம். ஆனா சத்தியமாச் சொல்லுறன், சரியானது சப்பெண்டு இருக்கு."

நடுவில் மேசை. மேசையில் என் பெட்டி. பெட்டிக்கு மேல் மைக். சைக்கிள் ரியூப்பைக் காணவில்லை. நீல வளையம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தது போல மினுங்கியது.

"சேர், இதிலை ஒரு ரியூப் சுத்தியிருந்ததே?"

"ஓம், அவிட்டுப்போட்டன்." மாஸ்டர் என்னைக் கையில் பிடித்துச் சுவர்ப் பக்கம் கொண்டுபோனார். "இஞ்சை பாரும். கடைசி நாள் நான் கீறினது. பாடுறவரின்ர கையிலை இருக்கிற மைக்கிலை வளையம் இருக்குது. மூண்டாம் இலக்கமும் இருக்குது. படத்திலை இருக்கிறது சாமானிலையும் இருக்க வேணும்தானே?"

அந்த நாசமாய்ப்போன ஆள் மைக்கின் இலக்கத்தைக்கூட விடாமல் கீறியிருந்தார்.

தகரம் அடித்தவன் என் பக்கத்தில் வந்து, வாயைத் திறக்காமல் பல்லுக்குள்ளால் சொன்னான்: "மச்சான், நான் குழப்படி ஒண்டு செய்யிறன். பீப்பாவைத் தள்ளி விழுத்திறன். நீ எடுத்துக்கொண்டு ஓடு."

"ஓடி எங்கை போறது? அவரின்ர காணிக்குத்தானே போக வேணும்?"

"அதுவும் சரிதான்" என்றான். இந்த நேரத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் மைக்குக்கு முன்னால் மடித்து நிறுத்தியிருந்த மட்டையைப் பார்த்தேன். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அன்றைக்கு இன்னும் மெதுவாக வாசித்தேன். சிவப்பு மையில் மாஸ்டருடைய வடிவான எழுத்து. கோயில் மணியிலும் மடத்துக் கல்லிலும் எழுதுவது போல, உபயம் என்று போட்டு, அதற்குக் கீழே ஒலிபெருக்கி அண்ணையின் பெயர், கடையின் பெயர்.

மாஸ்டர் நினைத்தது இவ்வளவுதான்: மைக்கில் அவருடைய அடையாளம். மைக் இரண்டு வருடமாக எங்களிடம். நாங்கள் இருப்பது அவர் கொடுத்த காணியில். காணி கொடுத்த மனிதர் மைக்கையும் கொடுத்திருக்கிறார். இதில் கேட்க என்ன இருக்கிறது? கொடுத்தவருக்கு மரியாதை செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒருவரிடமும் கேட்காமல் எழுதிவிட்டார்.

மட்டையை எடுக்கக் கை நீட்டினேன். சுவரோரம் நின்ற கொப்பிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டேன். அதற்குள் அண்ணை கைத் தூசியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் மனைவி, நல்ல சேலையோடு. விளக்கு ஏற்ற அவர்களைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் ஒரு திரி, அண்ணை ஒரு திரி, அவர் மனைவி அக்கா ஒரு திரி, மாஸ்டர் ஒரு திரி. ஐந்தாவது திரிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணையைப் பார்த்துக்கொண்டே உரசியதில் நெருப்புக்குச்சி இரண்டு வீணாகிப்போயின. ஒரு நெருப்புக்குச்சியை நாலாகப் பிளந்து பாவித்த காலம் அது. எல்லோரும் அந்த இரண்டு குச்சியையும் பார்த்தார்கள்.

பிறகு பார்வையிடல். அண்ணை படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி நாள் படத்துக்கு முன்னால் நின்றார். படத்தில் இருந்த மைக்கைப் பார்த்தார். திரும்பி மேசையைப் பார்த்தார். இரண்டு எட்டில் வந்து மைக்கைத் தூக்கி, அடியைத் திருப்பி இலக்கத்தைப் பார்த்தார். மட்டையை இன்னும் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார்.

"இஞ்சருங்கோ," என்றார் மனைவி. மட்டையை அவர் வாசித்துவிட்டிருந்தார். "உபயமாம். எப்ப குடுத்தனீங்கள்?"

அண்ணையின் வாய் திறந்தபடியே நின்றது.

"வீட்டிலை இருந்து ஒரு சிரட்டை வெளியிலை போறதெண்டாலும் என்னைக் கேக்கிற மனுசன். ஊருக்கெல்லாம் மைக் குடுத்திருக்கிறியள், எனக்கு மட்டும் துலைஞ்சுபோச்செண்டு கதை சொல்லியிருக்கிறியள்."

வாசற்படியில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்தே ஏதோ விளங்கியிருக்கும்.

அண்ணை மட்டையை வாசித்தார். என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த இடைவெளியில் வாசிகசாலைத் தலைவர், வெளியில் கட்டியிருந்த குழாயில் ஊருக்கே கேட்கும்படி, மற்ற மைக்கைப் பிடித்துத் தொடங்கிவிட்டார். "எல்லாவற்றையும் இழந்து வந்த நிலையிலும், தன்னுடைய தொழிலுக்கு உயிரான மைக்கைக் கலைக்காகக் கொடுத்த பெருமனதுக்காரர் எங்கள் மத்தியில் இருக்கிறார். அந்த மைக்கை இன்று முதல் வாசிகசாலை பொறுப்பெடுத்துக்கொள்கிறது என்பதை..." பிள்ளைகள் ஒன்பது பேரும் கைதட்டினார்கள். கொப்பிக்காரரும் தட்டினார். மாஸ்டர் செம்பருத்தி மாலையொன்றை எடுத்து அண்ணையின் கழுத்தில் போட்டார்.

"ரெண்டு வார்த்தை" என்று மைக்கை நீட்டினார்கள்.

பதினைந்து வருடம் மற்றவர்கள் பேச மைக் கட்டின மனிதர், அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தானே பேசினார். "இந்த மைக்," என்றார். நிறுத்தினார். ஒரு கையில் பேசுகிற மைக், மறு கையில் மூன்றாம் இலக்கம். "நல்ல மைக். கரகரக்காது." அவ்வளவுதான். மாலையோடு வெளியே போனார்.

நான் அவருக்குப் பின்னால் போகவில்லை. கொப்பிக்காரர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். விசாரணை வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, சவர்க்காரப் பாட்டின்ர மூண்டாவது அடி என்ன? மகள் எழுதிக்கொண்டு வரச் சொன்னவள்" என்றார். சொன்னேன். மணக்கிறவன் எவன், அவனைப் பிடி. அவர் கவனமாக எழுதிக்கொண்டார்.

மத்தியானம் புளியமரத்துக்குக் கீழே அண்ணை என்னைக் கூப்பிட்டார். "வா. வயரைச் சுத்து." அவர் மரத்திலிருந்து இறக்க, நான் முழங்கைக்கும் பெருவிரலுக்கும் இடையில் சுற்றினேன்.

"எங்கை வைச்சிருந்தனி?"

"பெட்டிக்குள்ளை அண்ணை."

"ரெண்டு வருசமும்?"

"ஓம்."

"என்ர மனிசியின்ர காணிக்குள்ளையே?"

"ஓம் அண்ணை."

அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அதை இங்கே சொல்லமாட்டேன். நான் ட்ரக்ரர் கதையைச் சொன்னேன், இருபது நாள் கதையைச் சொன்னேன், கிணற்றடி வரை வந்து திரும்பியதைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலத்தான் கேட்டது.

"நான் அப்பிடிச் சொன்னனானோ? ஒளிக்காமல் சொன்னவன் எண்டு?"

"சொன்னீங்கள்."

"என்ர வாயாலைதான் வந்தது எண்டுறாய்." மாலையைக் கழற்றிக் கொப்பில் மாட்டினார். "இனி என்ன செய்யிறது? நாலு பேருக்கு முன்னாலை குடுத்தாச்சு. உபயம் குடுத்ததைத் திருப்பிக் கேட்டா, கோயில் மணியைக் கழட்டிக்கொண்டு போன மாதிரி. மூதேசி, வடிவா மாட்டிவிட்டிட்டாய்."

"அண்ணை, நாங்கள் எழும்பவோ?"

"எங்கையிருந்து?"

"காணியிலை இருந்து."

அக்கா வாசிகசாலை வாசலில் நாலு பெண்களோடு நின்று, அந்த மைக் என்ன விலை போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெருமையாகத்தான் சொன்னார். அண்ணை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மைக் போனது போனது," என்றார். "வாடகை வேறை. அண்டைக்கு முன்பணம் எவ்வளவு தந்தனி?"

"இருபத்தைஞ்சு."

"அப்ப மிச்சம் நூற்றியிருபத்தைஞ்சு இருக்குது. அது தராமல் நீ எங்கை எழும்பிறது? எழும்பினா நான் ஆரைப் பிடிக்கிறது? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோத்தைத் தின். இந்தக் கதை அவளுக்குப் போனா, உன்னை இல்லை, என்னைத்தான் வெளியிலை போடுவாள்."

அதை மன்னிப்பு என்று அப்போது நான் எடுத்துக்கொள்ளவில்லை. கயிற்றின் ஒரு நுனியைக் கையில் வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கிணறு வெட்டின காசு கையில் வந்த கிழமையே நூற்றிருபத்தைந்தைக் கொண்டுபோய் நீட்டினேன். "இப்ப வேண்டாம், மனிசி நிக்கிறாள்" என்றார். அடுத்த மாதம் கொண்டுபோனேன். "கணக்குக் கொப்பி எங்கையோ கிடக்கு, பாத்துச் சொல்லுறன்" என்றார். மூன்றாம் தடவை கோபம் வந்துவிட்டது. "என்னடா, காசைத் தந்திட்டுக் காணியை விட்டு ஓடப்போறியோ?" அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஏன் வாங்குகிறார் இல்லை என்பதை மட்டும் பல விதமாக யோசித்தேன். நல்ல விதமாக யோசித்தது கடைசியில்தான்.

அந்தக் காணியில் இன்னும் இரண்டரை வருடம் இருந்தோம். அக்கா ஒரு தடவைகூட எழும்பச் சொல்லவில்லை. உபயகாரரின் மனைவி என்று ஊர் அவருக்குக் கொடுத்த மரியாதையில் எங்களுக்கும் கொஞ்சம் சிந்தியது. கோயிலில் கதைக்கும்போது எங்களை "எங்கட கோஷ்டிச் சனம்" என்றார். வாசிகசாலைக் கூட்டங்களுக்கு அந்த மைக்கையே பாவித்தார்கள். அதற்கு அண்ணை வாடகை கேட்க வந்து, கேட்க முடியாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்தொன்றில் இரணைமடுப் பக்கம் எங்கள் பழைய நிலத்துக்குத் திரும்பினோம். வெளிக்கிட்ட அன்று காலை, காசை ஒரு கடதாசியில் மடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. கல்யாண வீடொன்றுக்குக் குழாய் கட்டப் போய்விட்டாராம். அன்றைக்கு அந்தப் பக்கம் எந்தக் கல்யாணமும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அக்காவிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டார். "நீ ஏதோ காசு கொண்டு வருவாய், வாங்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டுப் போனவர். என்ன காசெண்டு கேட்டன், சொல்லேல்லை. என்ன காசடா அது?"

"மைக் வாடகை அக்கா."

"உபயம் குடுத்ததுக்கு என்ன வாடகை?" என்றார்.

தேயிலைப் பெட்டியை அதன் மூன்றாம் பயணத்துக்குச் சைக்கிளில் கட்டினேன். காசு சட்டைப் பையிலேயே இருந்தது. நூற்றிருபத்தைந்து ரூபா. இன்னும் கொடுக்கவில்லை.